பிஜிபி ஏன் அந்தப் பாதையை எடுத்தது? இரண்டு லிங்க் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்முறை

நீலகிரியில் இன்டர்நெட் சேவை நடத்துகிற யாரும் ஒரே லிங்கை நம்பி இருக்க முடியாது. கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை விடாமல் அடிக்கும். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபருக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில் மண் சரியும். சாலை ஓரம் போகும் ஃபைபர் சாலையோடு சேர்ந்து போய்விடும். அதனால் ஒரு லிங்க் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறிவர, இன்னொன்று கூடலூர் வழியாக வரும்படி வாங்குகிறோம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அறுவது அபூர்வம்.

இரண்டு லிங்க் வந்ததும் பிஜிபி (நெட்வொர்க்குகள் தங்களுக்குள் பாதைகளைச் சொல்லிக்கொள்ளும் முறை) வரும், கூடவே இந்தக் கேள்வியும் வரும்: குன்னூர் வழி பெரிய லிங்க் காலியாகக் கிடக்கும்போது, டிராஃபிக் எல்லாம் ஏன் கூடலூர் வழி சின்ன லிங்கில் போய் நெரிகிறது? ஊட்டியில் எங்கள் ரூட்டரில் இதைத் தீர்த்த வரிசையை அப்படியே எழுதுகிறேன். நெய்பர் (மறுமுனை ரூட்டர்) கட்டி, அதோடு பிஜிபி செஷன் எழுந்து நிற்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

பிஜிபியில் ஒவ்வொரு நெட்வொர்க்கும் ஒரு ஏஎஸ், அதற்கு ஒரு எண். உதாரணத்துக்கு நாம் ஏஎஸ் 64500. குன்னூர் வழி கொடுப்பவர் 64501, கூடலூர் வழி கொடுப்பவர் 64502. நம் முகவரித் தொகுதி 198.18.10.0/23. இவை எல்லாம் ஆவணங்களுக்கும் சோதனைக்கும் ஒதுக்கிய எண்கள். கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன், ரூட்டரில் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. கற்றுக்கொள்வதற்கு எஃப்ஆர்ஆரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது என் கருத்து. 2017இல் குவாகாவிலிருந்து பிரிந்து வந்த ரூட்டிங் மென்பொருள், இலவசம். எந்தப் பாதையை எடுத்தது என்பதோடு ஏன் எடுத்தது என்பதையும் ஒரு சொல்லில் சொல்லிவிடும். கண்டெய்னர்லேப்பில் (ஒரே கணினிக்குள் சோதனை நெட்வொர்க் கட்டும் கருவி) மூன்று எஃப்ஆர்ஆர் பெட்டிகளை இணைத்து, கீழே வருவதை முதலில் அங்கே செய்துபாருங்கள். வாடிக்கையாளர் இருக்கும் ரூட்டர் பயிற்சிக் களம் இல்லை.

முதல் படி: எந்தத் திசை?

கட்டளை எதையும் தட்டுவதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள். தவறாகப் போவது நம்மிடமிருந்து வெளியே போகும் டிராஃபிக்கா, வெளியிலிருந்து நமக்கு வரும் டிராஃபிக்கா? வீட்டு இணைப்புகளில் பெரும்பகுதி டவுன்லோடு. ஆகவே லிங்க் நிரம்பி வழிகிறது என்றால் அநேகமாக உள்ளே வரும் திசைதான். இன்டர்ஃபேஸ் கிராஃபில் இன், அவுட் இரண்டையும் தனித்தனியே பாருங்கள்.

சீசன் நேரத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றி, திரும்பும்போது கோத்தகிரி வழியாக இறக்கிவிடுவார்கள். பிஜிபியிலும் போகும் வழி ஒன்று, வரும் வழி ஒன்று என்பது சாதாரணம், அது பழுது இல்லை. நம்மிடமிருந்து எம்டிஆர் என்ற கருவியை ஓட்டினால் போகும் வழியில் இருக்கும் ரூட்டர்கள்தான் தெரியும், பதில் எந்த வழியாகத் திரும்புகிறது என்று தெரியாது. திரும்பும் வழியைப் பார்க்க வெளியிலிருந்து நம்மை நோக்கிப் பார்க்க வேண்டும். பெரிய நெட்வொர்க்குகள் வைத்திருக்கும் லுக்கிங் கிளாஸ் பக்கங்கள், ரைப் ஸ்டாட், ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ரூட்வியூஸ் ஆகியவை இதற்குத்தான். எனக்குக் கைவந்தது ரைப் ஸ்டாட்.

இரண்டாம் படி: இது பிஜிபியின் முடிவுதானா?

வெளியே போகும் திசை என்று வைத்துக்கொள்வோம். 192.0.2.10 என்ற முகவரிக்கு ‘ஷோ ஐபி ரூட் 192.0.2.10’ தட்டுங்கள். பிஜிபி அட்டவணைக்குப் போகாதீர்கள், முதலில் ரூட்டிங் அட்டவணை. ஸ்டாட்டிக் (கையால் எழுதிய) ரூட்டின் தூரம் 1, வெளி பிஜிபியின் (வேறு ஏஎஸ்ஸோடு ஓடும் பிஜிபி) தூரம் 20, குறைவானதுதான் ஜெயிக்கும். என்றோ போட்ட ஒரு ஸ்டாட்டிக் வரி அங்கே உட்கார்ந்திருந்தால் பிஜிபி என்ன முடிவெடுத்தாலும் பயனில்லை.

அடுத்து, பிரிஃபிக்ஸின் (முகவரித் தொகுதியின்) நீளம், அதாவது சாய்கோட்டுக்குப் பின் வரும் எண். குன்னூர் வழிக்காரர் 192.0.2.0/23 அனுப்புகிறார், கூடலூர் வழிக்காரர் 192.0.2.0/24 அனுப்புகிறார் என்றால் பாக்கெட் கூடலூர் வழியாகத்தான் போகும். இவை இரண்டும் பிஜிபிக்கு வேறு வேறு ரூட்டுகள், அவற்றுக்கிடையே போட்டியே நடப்பதில்லை. லோக்கல் பிரிஃபரன்ஸை (ஒரு பாதைக்கு நாம் கொடுக்கும் விருப்ப எண்) எவ்வளவு ஏற்றினாலும் நீளமான பிரிஃபிக்ஸ்தான் ஜெயிக்கும்.

நெக்ஸ்ட் ஹாப்பை (பாக்கெட் அடுத்துப் போக வேண்டிய முகவரி) எட்ட முடியாத பாதையும் போட்டியில் இல்லை. ஒரே ரூட்டர் என்றால் இது வராது. ஊட்டியில் ஒன்று, கூடலூரில் ஒன்று என்று இரண்டு ரூட்டர் வைத்து அவற்றுக்கிடையே உள் பிஜிபி ஓட்டுபவர்கள் ‘நெக்ஸ்ட் ஹாப் செல்ஃப்’ போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: எந்தப் படிக்கட்டில் முடிவானது?

‘ஷோ பிஜிபி ஐபிவி4 யூனிகாஸ்ட் 192.0.2.0/24’ தட்டினால் இரண்டு பாதையும் வரும். எங்களுக்கு வந்தது ஏறக்குறைய இப்படி:

64501 64510 64496
ஆரிஜின் ஐஜிபி, லோக்கல்பிரிஃப் 100, வாலிட், எக்ஸ்டர்னல்

64502 64505 64509 64496
ஆரிஜின் ஐஜிபி, லோக்கல்பிரிஃப் 150, வாலிட், எக்ஸ்டர்னல், பெஸ்ட், காரணம் லோக்கல் பிரிஃப்

குன்னூர் வழியின் ஏஎஸ் பாத் (வழியில் வரும் ஏஎஸ்களின் வரிசை) மூன்றுதான், கூடலூர் வழி நான்கு. குட்டையான பாதை இருக்க நீளமானதை எடுத்திருக்கிறது. பிஜிபி என்றால் குட்டையான ஏஎஸ் பாத் என்று படித்து வருபவர்கள் இங்கே திகைப்பார்கள். ஏஎஸ் பாத் நீளத்துக்கு முன்னால் வேறு படிகள் இருக்கின்றன. முதலில் வெயிட், அதிகம் இருப்பது ஜெயிக்கும். இது சிஸ்கோவிலும் எஃப்ஆர்ஆரிலும் உண்டு, ஜூனிபரில் கிடையாது, அந்த ரூட்டரைத் தாண்டி வெளியே போகாது. அடுத்து லோக்கல் பிரிஃபரன்ஸ், இதிலும் அதிகம்தான் ஜெயிக்கும், எதுவும் போடாவிட்டால் 100. பிறகு நாமே உருவாக்கிய ரூட். அதற்குப் பிறகுதான் ஏஎஸ் பாத் நீளம். அங்கேயும் சமம் என்றால் ஆரிஜின் (ரூட் பிஜிபிக்குள் வந்த விதம்), மெட் (பக்கத்து ஏஎஸ் நமக்குச் சொல்லும் விருப்ப எண்), உள் பிஜிபியை விட வெளி பிஜிபி, நெக்ஸ்ட் ஹாப்புக்கான ஐஜிபி (நம் நெட்வொர்க்குக்குள் ஓடும் ரூட்டிங்) செலவு, பழைய ரூட், சிறிய ரூட்டர் ஐடி என்று இறங்கும். ஒரு படியில் முடிவாகிவிட்டால் கீழே உள்ள எதையும் ரூட்டர் பார்க்காது.

எங்கள் விஷயத்தில் 150 எங்கிருந்து வந்தது? ஒரு மழையில் குன்னூர் லிங்க் முழுசாகச் சாகாமல், பாக்கெட்டை மட்டும் தின்றுகொண்டிருந்தது. செஷன் நிற்கும்வரை பிஜிபிக்கு எல்லாம் நலம், தானாக மாறாது. அதனால் கூடலூர் நெய்பரின் ரூட் மேப்பில் (ரூட்டுகளுக்கு நாம் எழுதும் விதிப் பட்டியல்) அவசரத்துக்கு ஏற்றிய எண் அது. மழை போன பிறகும் எண் நின்றுவிட்டது.

இப்போது குன்னூருக்கு 200, கூடலூருக்கு 150 என்று நிரந்தரமாக வைத்திருக்கிறோம். 100ஐ வேண்டுமென்றே யாருக்கும் கொடுப்பதில்லை. எங்காவது 100 கண்ணில் பட்டால் அந்த நெய்பருக்கு ரூட் மேப் போடவில்லை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். மாற்றியதும் ‘கிளியர் பிஜிபி’ கட்டளையின் கடைசியில் ‘சாஃப்ட் இன்’ சேர்க்க மறக்காதீர்கள். சேர்க்காவிட்டால் செஷன் விழும், முழு அட்டவணை வாங்குபவர்களுக்கு 9 லட்சத்தைத் தாண்டிய ரூட்டுகள் மறுபடி இறங்க வேண்டும்.

மெட் பற்றிச் சுருக்கமாக: ஒரே பக்கத்து ஏஎஸ்ஸிலிருந்து வரும் பாதைகளுக்கிடையேதான் அதை ஒப்பிடும். 64501உம் 64502உம் வேறு வேறு என்பதால் நம் கதையில் மெட்டுக்கு வேலையே இல்லை.

நான்காம் படி: உள்ளே வரும் திசை

அதிக நேரம் தின்றது இந்தப் படிதான், அதனால் நின்று விளக்குகிறேன்.

வெளியே போகும் பாதையை நம் ரூட்டர் தேர்ந்தெடுக்கிறது. உள்ளே வரும் பாதையை உலகத்தில் இருக்கும் மற்ற ரூட்டர்கள் தேர்ந்தெடுக்கின்றன, நம் லோக்கல் பிரிஃபரன்ஸ் அவர்களுக்குப் போவதே இல்லை. பாடங்களில் எல்லாம் முதலில் சொல்லப்படும் வழி ஏஎஸ் பாத் ப்ரீபெண்ட். கூடலூர் பக்கம் நம் எண்ணையே திரும்பத் திரும்ப எழுதி, பாதையை நீளமாகக் காட்டுவது. போட்டோம். கோத்தகிரி பாய்ன்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பி போனில் சொன்னது: “அண்ணா, ப்ரீபெண்ட் போட்டாச்சுங்க, லுக்கிங் கிளாஸ்லயும் தெரியுதுங்க, ஆனா டிராஃபிக் இன்னும் கூடலூர்லதாங்க வருது.”

காரணம் அதே படிக்கட்டு, ஆனால் அடுத்தவர் வீட்டில் இருக்கும் படிக்கட்டு. 64502க்கு நாம் பணம் கொடுக்கும் வாடிக்கையாளர். பெரும்பாலான நெட்வொர்க்குகள் வாடிக்கையாளரிடமிருந்து வரும் ரூட்டுக்கு அதிக லோக்கல் பிரிஃபரன்ஸ் வைக்கும், பியரிங் (இரு நெட்வொர்க்குகள் நேராக இணைந்து தங்கள் டிராஃபிக்கை மாற்றிக்கொள்வது) ரூட்டுக்கு அதைவிடக் குறைவு, தான் காசு கொடுத்து வாங்கும் டிரான்சிட்டுக்கு அதைவிடக் குறைவு. வாடிக்கையாளர் லிங்கில் அனுப்பினால் வருமானம், டிரான்சிட்டில் அனுப்பினால் செலவு. ஆகவே 64502க்கு நம்மை எட்ட இரண்டு வழி தெரிந்தாலும் நேர் லிங்கைத்தான் எடுக்கும். முடிவு லோக்கல் பிரிஃபரன்ஸிலேயே முடிந்துவிட்டது, ப்ரீபெண்ட் நான்காவது படி, அங்கே போய்ச் சேரவே இல்லை. 64502ஐ வாடிக்கையாளராக வைத்திருக்கும் மேல்நிலை நெட்வொர்க்கிலும் இதே கணக்குதான். இரண்டு பாதைக்கும் ஒரே லோக்கல் பிரிஃபரன்ஸ் இருக்கும் இடத்தில் மட்டும் ப்ரீபெண்ட் வேலை செய்யும். ஆகவே கொஞ்சம் டிராஃபிக் நகர்ந்து மீதி நகராமல் நின்றால் திகைக்க வேண்டாம்.

இதற்கு இரண்டு மருந்து உண்டு. எனக்குப் பிடித்தது கம்யூனிட்டி. நாம் அனுப்பும் ரூட்டில் ஒரு குறி ஒட்டினால், மேலே இருப்பவர் அதைப் பார்த்துத் தன் பக்கத்து லோக்கல் பிரிஃபரன்ஸைக் குறைத்துக்கொள்வார். 1996இல் வந்த, ‘ஆர்எஃப்சி 1998’ என்ற எண்ணுள்ள ஆவணம் இந்த முறையைத்தான் விவரிக்கிறது. எந்தக் குறி என்ன செய்யும் என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. அவர்களுடைய என்ஓசிக்கு (நெட்வொர்க்கைக் கவனிக்கும் மையம்) மெயில் போட்டுப் பட்டியல் கேளுங்கள். கேட்கும்போது ‘பியரிங் ரூட்டை விடக் கீழே இறக்கும் குறி எது’ என்று குறிப்பாகக் கேளுங்கள், பொதுவாகக் கேட்டால் ப்ரீபெண்ட் குறியைக் கொடுத்துவிடுவார்கள்.

கம்யூனிட்டி வசதி இல்லையென்றால், பிரித்து அறிவிப்பது. 198.18.10.0/23ஐ இரண்டு பக்கமும் அறிவியுங்கள். 198.18.10.0/24, 198.18.11.0/24 இரண்டையும் குன்னூர் பக்கம் மட்டும் அறிவியுங்கள். நீளமான பிரிஃபிக்ஸ் ஜெயிப்பதால் டிராஃபிக் குன்னூர் வழியாக வரும். குன்னூர் லிங்க் அறுந்தால் இரண்டு /24உம் மறையும், /23 கூடலூர் வழியாகத் தாங்கும். உலக அட்டவணையில் கூடுதல் வரிகள் ஏறுகின்றன என்பதால் இது எனக்கு இரண்டாம் இடம்தான். /24ஐ விடச் சிறிதாகப் பிரித்தால் வெளியே பெரும்பாலானவர்கள் ஏற்கமாட்டார்கள்.

படித்தவர்கள் கேட்டதை வைத்துச் சேர்த்தவை

கம்யூனிட்டி ஒட்டியும் எதுவும் மாறவில்லை என்று சிலர் எழுதினார்கள். அவர்களிடம் இருந்தது சிஸ்கோ ஐஓஎஸ். அங்கே நெய்பருக்கு ‘செண்ட் கம்யூனிட்டி’ என்று தனியாகச் சொன்னால்தான் குறி வெளியே போகும். எஃப்ஆர்ஆரில் சொல்லாமலே போகும் என்பதால் மேலே எழுதவில்லை.

/24களாகப் பிரித்ததும் சில இடங்களிலிருந்து அவை எட்டவில்லை என்று ஒருவர் கேட்டார். ஆர்பிகேஐயில் (எந்தத் தொகுதியை யார் அறிவிக்கலாம் என்று சரிபார்க்கும் ஏற்பாடு) அவருடைய ரோவா (அதற்கான அனுமதிப் பதிவு) /23க்கு மட்டும் இருந்தது, அதிகபட்ச நீளமும் 23. அப்படியானால் /24 இன்வாலிட், சரிபார்க்கும் நெட்வொர்க்குகள் தூக்கிப் போட்டுவிடும். அறிவிப்பதற்கு முன் ரோவா போட்டுவிடுங்கள். அதிகபட்ச நீளத்தைத் தாராளமாக ஏற்றி வைப்பதை விட, உண்மையில் அறிவிக்கும் ஒவ்வொரு பிரிஃபிக்ஸுக்கும் தனி ரோவா போடுவதே பாதுகாப்பு.

லிங்க் அறுந்து திரும்பி வந்த பிறகும் டிராஃபிக் பழைய பக்கம் வரவில்லை என்ற கேள்வியும் வந்தது. எல்லாப் படியும் சமமாக இருந்தால் வெளி பிஜிபியில் பழைய ரூட்தான் ஜெயிக்கும். அறுந்து வந்தது புதியது, ஆகவே தோற்கிறது. ‘பெஸ்ட்பாத் கம்பேர் ரூட்டர் ஐடி’ போட்டு அந்தப் படியைத் தாண்டலாம். அதைவிட, மேலே சொன்ன மாதிரி லோக்கல் பிரிஃபரன்ஸை இரண்டு பக்கமும் எழுதி வைத்துவிட்டால் முடிவு அந்தப் படிவரை இறங்காது.

கடைசியாக, எல்லாம் சரி செய்தும் கூடலூர் வழி வரும் பாக்கெட் மட்டும் காணாமல் போகிறது என்றால் அந்த இன்டர்ஃபேஸில் யுஆர்பிஎஃப் (அனுப்பியவரின் முகவரியைச் சரிபார்க்கும் வசதி) ஸ்ட்ரிக்டாக இருக்கிறதா என்று பாருங்கள். அனுப்பியவருக்கு நம் சிறந்த பாதை குன்னூர் என்றால், கூடலூரில் வரும் அவருடைய பாக்கெட்டை ஸ்ட்ரிக்ட் கீழே போட்டுவிடும். மேல்நிலை லிங்க் இரண்டிலும் லூஸ் வையுங்கள், வாடிக்கையாளர் பக்கம் மட்டும் ஸ்ட்ரிக்ட் இருக்கட்டும்.