அலுமாரிக் கசெற்றுகளைத் திரும்பப் பாட வைப்பது

கடையில் வாங்கிய சினிமாப் பாட்டுக் கசெற்றோடு மினக்கெட வேண்டாம். அந்தப் பாட்டு வேறெங்காவது நல்ல தரத்தில் கிடைக்கும். மினக்கெட வேண்டியவை வீட்டில் பதிந்தவை: திருவிழா மேளக் கச்சேரி, கலியாண வீட்டு நாதஸ்வரம், கடிதத்துக்குப் பதிலாக வெளிநாட்டுக்குப் பேசி அனுப்பிய குரல். இவற்றில் பல சின்ன ரேப் றெக்கோடரில் பற்றறி போட்டுப் பதிந்தவை. 1990 நடுப்பகுதியில் மின்சாரம் நின்ற பிறகு யாழ்ப்பாணத்தில் பற்றறியே அருந்தலாகி, சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் றேடியோவும் ரேப்பும் கேட்டார்கள். ஆகவே பதிந்த மெசினின் ஹெட் (ரேப்பைத் தொட்டுச் சத்தத்தைப் பதியும், வாசிக்கும் பகுதி) சரிவும் ஓட்ட வேகமும் கசெற்றுக்குக் கசெற் வேறு. எவ்வளவு விலையான கசெற் டெக்கில் போட்டாலும், அந்தச் சரிவுக்கும் வேகத்துக்கும் டெக்கைத் திருப்பாவிட்டால் போர்வைக்குள்ளிருந்து வரும் சத்தந்தான் கேட்கும்.

முதலில் கசெற்

கசெற்றின் கண்ணாடி வழியாக ரேப் சுற்றின் விளிம்பைப் பாருங்கள். மண்ணிறமாக, வழவழப்பாகத் தெரிய வேண்டும். வெள்ளைப் புள்ளியோ மாப்போன்ற தூளோ இருந்தால் பூஞ்சணம். கார்த்திகை மழை ஈரம் அலுமாரிக்குள் புகுந்ததன் பலன் அது. வெயிலில் காய வைக்கக் கூடாது. வத்தலுக்குத்தான் வெயில், கசெற்றின் பிளாஸ்ரிக் கூடு வளையும், ஒரு சுற்றின் சத்தம் அடுத்த சுற்றில் நிழலாகப் பதிவதும் வெக்கையில் கூடும். இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு ஒரு கிழமை வையுங்கள். பிறகு முகக்கவசம் போட்டு, விறாந்தையில் வைத்து, எறியவிருக்கும் பழைய பிளேயர் ஒன்றில் முழுதாக ஒருமுறை முன்னே ஓட்டிப் பின்னே சுற்றுங்கள். பூஞ்சணம் பிடித்த கசெற்றை நல்ல டெக்கில் முதலில் போட்டால் அழுக்கு ஹெட்டிலும் உருளையிலும் ஏறி அடுத்த கசெற்றுக்குப் போகும்.

சத்தம் மந்தமாகி, வருவதும் மங்குவதுமாக இருந்தால் ஹெட்டைக் குறை சொல்லுமுன் கசெற்றின் வாயைப் பாருங்கள். நடுவில் செப்பு நிறத் தகட்டுச் சுருளில் ஒட்டிய சின்னக் கம்பளித் துண்டு இருக்கும். ரேப்பை ஹெட்டோடு அணைத்துப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து விழுந்திருந்தால் வேறொரு கசெற்றின் கூட்டுக்கு ரேப்பை மாற்றுவதே சுலபம். இதைச் செய்யும்போது ஃபானை நிறுத்துங்கள். ஐந்து ஸ்குறூவையும் கழற்றி, ஏ பக்கம் மேலே இருக்க, வெள்ளைத் துணியில் வைத்து மேல் மூடியை நேராகத் தூக்குங்கள். சாய்த்துத் தூக்கினால் மூலை உருளைகள் இரண்டும் அவற்றின் இரும்பு ஊசிகளும் உருண்டு ஓடும். எதையும் தொடுமுன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால் ரேப் எந்த வழியால் போனது என்ற சண்டை வராது. ஸ்குறூ இல்லாமல் ஒட்டிய கூடு என்றால் பொருத்து வழியே மெல்லிய அலகு விட்டுப் பிளக்க வேண்டியதுதான். அந்தக் கூடு திரும்ப உதவாது.

அறுந்த ரேப்பின் இரு நுனியையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சரிவாக ஒரே வெட்டு வெட்டுங்கள். இடைவெளியும் இல்லாமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமலும் சேர்த்து, 3.81 மி.மீ. அகலமான ஒட்டு ரேப்பை உட்பக்கம், அதாவது ஹெட்டைத் தொடாத பக்கம், ஒட்டுங்கள். சாதாரண செலோரேப் இங்குள்ள வெக்கைக்குப் பசையைக் கசியவிட்டு அடுத்த சுற்றையும் சேர்த்து ஒட்டிவிடும். சி-120 (இரு பக்கமும் சேர்த்து 120 நிமிடம்) கசெற்றின் ரேப் மிக மெல்லியது, இழுபடும்; அதைப் பின்னே சுற்றும் வேலையைப் பென்சிலால் கையாலேயே செய்யுங்கள்.

டெக்

பாவித்த டெக் வாங்கும்போது பின்பக்கத் தகட்டை வாசியுங்கள். ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்தது 100 வோல்ற். நேரே 230இல் குத்தினால் புகைதான் மிச்சம். ஓடாத டெக்கில் பெரும்பாலும் பழுதானது மோட்டர் இழுக்கும் ரப்பர் பெல்ற். பழைய பெல்ற் தார் போல உருகியிருக்கும். அல்ககோலில் துடைத்தெடுத்து, பாதை நெடுக நூல் வைத்து அளந்து, அந்த அளவிலிருந்து 5 வீதம் சிறிய பெல்ற் போடுங்கள். ரேப்பைத் தின்னும் டெக்கில் ரப்பர் உருளை பளபளத்து வழுக்கும். ஒரு சொட்டு சவர்க்காரம் கலந்த தண்ணீரில் துடையுங்கள். ஹெட்டுக்கும், ரப்பர் உருளையோடு சேர்ந்து ரேப்பை இழுக்கும் கப்ஸ்ரன் தண்டுக்கும் 99 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோல். பழைய ரேப் தூள் கொட்டும் என்பதால் ஒவ்வொரு பக்கம் ஓடியதும் துடைப்பது நல்லது.

ஹெட் அட்ஜஸ்ற்

முழு வேலையின் உயிரும் இங்கேதான். ரேப் விநாடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் சத்தத்தின் ஓர் அலை அந்த ரேப்பில் 5 மைக்ரோனுக்குள் அடங்கிவிடும். ஹெட்டின் இடுக்கு மயிரிழை சரிந்தாலும் அலையின் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று அழித்து, மேல் சத்தம் செத்துவிடும்.

ஹெட்டின் இரு பக்கமும் ஸ்குறூ இருக்கும். சுருள் வில் உள்ளதே திருப்ப வேண்டியது. அது இருக்கும் நிலையை மார்க்கரால் புள்ளியிட்டு வையுங்கள். காந்தம் ஏறாத ஸ்குறூ டிறைவர் வேண்டும். காந்தம் ஹெட்டில் ஏறினால் இரைச்சல் கூடும். டொல்பி என்ற இரைச்சல் குறைப்பை அணைத்து, ஒலியை மோனோவில் வைத்து, ஹெட்போனில் கேட்டபடி எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் போகாமல் இரு பக்கமும் மெல்லத் திருப்புங்கள். மேளக் கச்சேரி என்றால் நாதஸ்வரத்தைக் கேட்காதீர்கள், கையில் தட்டும் வெண்கலத் தாளத்தைக் கேளுங்கள். சரிவு தவறினால் ‘சப்’ என்று கேட்கும் தாளம், சரியான இடத்தில் ‘ச்சிங்’ என்று வெண்கலமாக விரியும். தவிலின் வலந்தலையில் கூடு போட்ட விரல் விழும் ஒலியும் அதே இடத்தில் பிரிந்து தெரியும். பேச்சுக் கசெற் என்றால் ‘ச’, ‘ஸ’ ஒலிகள். மறுபக்கத்துக்குத் திரும்பவும் பார்க்க வேண்டும்.

தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி மறைந்தது 1975இல். அவருடைய தவில் என்று கைக்கு வரும் கசெற் பிரதியின் பிரதியாக இருக்கலாம். ஒரே கச்சேரி இரண்டு பேரிடம் கிடைத்தால் இரண்டையும் அட்ஜஸ்ற் பண்ணிக் கேட்டபிறகே எது மூலத்துக்குக் கிட்ட என்று முடிவு கட்டுங்கள்.

வேகமும் கட்டையும்

டெக்கின் சொந்த வேகத்தை 3,150 ஹெர்ட்ஸ் சோதனைக் கசெற்றால் சரிபார்த்து, மோட்டரின் பின்துளைக்குள் உள்ள சின்ன ஸ்குறூவால் திருத்தலாம். பதிந்தவரின் வேகம் வேறு கதை. பற்றறி இறங்க இறங்க மோட்டர் மெதுவாகும். மெதுவாகப் பதிந்தது இப்போது வேகமாகப் பாடும். கச்சேரி தொடங்கும்போது 2 கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) இருந்த நாயனம் முடியும்போது 2½ கட்டைக்கு ஏறியிருந்தால் வித்துவான் சுருதி மாறவில்லை, பற்றறி செத்திருக்கிறது. அரைக் கட்டை என்பது ஏறத்தாழ 6 வீத வேக வித்தியாசம்.

மெயின்ஸ் மின்சாரத்தில் பதிந்ததென்றால் அமைதியான இடத்தில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் ஒட்டியிருக்கும். அது 52 என்று காட்டினால் கசெற் 4 வீதம் வேகமாக ஓடுகிறது. ரேப்பை நிறுத்தியும் உறுமல் கேட்டால் அது உங்கள் டெக்கின் உறுமல், அதை எண்ண வேண்டாம். கோயிலில் ஜெனரேற்றர் ஓடிய இரவென்றால் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். ஜெனரேற்றர் 50இல் நிற்காது. அங்கே சுருதிப்பெட்டியை 2இலும் 2½இலும் வைத்து ஒப்பிடுவதே வழி. டைனமோவில் ஓடிய மெசினில் பதிந்து, மிதிப்புக்கு மிதிப்பு ஏறி இறங்கும் பதிவைத் திருத்தப் போகாமல் விட்டுவிடலாம்.

கணினிக்கு ஏற்றுவது

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து யுஎஸ்பி ஒலிப்பெட்டி வழியாக, 24 பிற், 48 கிலோஹெர்ட்ஸ். அதிகபட்ச உச்சம் −6 டெசிபெல்லைத் தாண்டாமல் வையுங்கள். தவில் தனி தொடங்கும்போது எகிறும். ஒரு பக்கத்தை நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். சி-60 ஒன்றுக்கு ஏறத்தாழ 1 ஜிபி போகும். அந்தக் கோப்பைத் தொடாமல் வைத்து, பிரதியில்தான் வேலை. ஓடாசிற்றி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் பிற்சை (சுருதியை) மட்டும் மாற்றாமல் வேகத்தையே மாற்றுங்கள். போகப்போக ஏறும் பதிவுக்கு அதிலுள்ள ஸ்லைடிங் ஸ்ட்ரெச் உதவும். மோனோவில் பதிந்த ரேப் என்றால் இரு சனலையும் சேர்த்தால் இரைச்சல் 3 டெசிபெல் அளவுக்கு இறங்கும், ஹெட் சரியாக இருந்தால் மட்டும். இரைச்சல் நீக்கும் கருவியைக் கூட்டி வைத்தால் தாளத்தின் கார்வையும் சேர்ந்து போய்விடும். இரைச்சலோடு கேட்பதே மேல்.

முடிந்ததும் ரேப்பை ஒரு கரைக்கு முழுதாகச் சுற்றி, தவறி மேலே பதியாதபடி மேல் விளிம்பின் இரு காதுகளையும் உடைத்து, நிமிர்த்தி வையுங்கள். ஹெட் ஸ்குறூவைப் பழைய புள்ளிக்குத் திருப்பிவிடுங்கள். மறந்தால் அடுத்த கசெற் மந்தமாகப் பாடும், பழி அந்தக் கசெற்றின் மேல் விழும்.