சிறார் இல்லத்தில் இருக்கும் பிள்ளையோடு தொடர்பு விடாமல் இருக்க என்ன செய்யலாம்?

அக்கா மகன் ஒரு வழக்கில் சிக்கிச் சிறார் இல்லத்தில் இருந்தபோது போன், கடிதம், நேரில் போய்ப் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பில்தான் இருந்தது. வழக்கு, ஜாமீன் பற்றி இங்கே எழுதப்போவதில்லை, அதற்கு வக்கீல் இருக்கிறார். கூர்நோக்கு இல்லம், சீர்திருத்த இல்லம் என்று பெயர் எதுவானாலும் விதிகள் இடத்துக்கு இடம் மாறும். குடும்பங்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள்தான் அதிகம் மாறுவதில்லை.

படி 1: ஒரு நோட்டு

பிள்ளையின் பதிவு எண், அவனைக் கவனிக்கும் அலுவலரின் பெயர், அவருடைய நேரடி எண், பார்க்கும் நாள், கடித முகவரி. முதல் நாளே கேட்டு எழுதிவிடுங்கள். இதற்கு மொபைல் ஆப் எதுவும் வேண்டாம். பல இடங்களில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். யாரிடம் எந்தத் தேதியில் பேசினீர்கள், என்ன பதில் வந்தது என்பதும் அதே நோட்டில் இருக்கட்டும். படி 5-க்கு வரும்போது தேவைப்படும்.

படி 2: அனுமதிப் பட்டியல்

யார் பேசலாம், யார் பார்க்கலாம் என்று முன்கூட்டியே பெயர் கேட்பார்கள். அம்மா, அப்பாவோடு நிறுத்திவிடாதீர்கள். பிள்ளை யாரிடம் மனம்விட்டுப் பேசுவானோ அந்தப் பெயரும் இருக்க வேண்டும், அது பாட்டியாக இருந்தாலும் சரி. அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்து மாறாமல் கொடுங்கள்.

படி 3: போன்

எங்கள் வீட்டில் சிக்கியது இங்கேதான். பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் அழைப்பு வரும், நாம் கூப்பிட முடியாது. அந்த அழைப்பு பல நேரம் எண்ணே காட்டாமல் வரும். தெரியாத எண்களைத் தானாகத் தடுக்கும் வசதி அக்காவின் போனில் ஓடிக்கொண்டிருந்தது. மணியே அடிக்கவில்லை. அங்கே அவன் வரிசையில் நின்று, முறை வந்து, யாரும் எடுக்கவில்லை என்று திரும்பிப் போயிருக்கிறான். அம்மாவுக்குக் கோபம் என்று அவன் நினைத்துக்கொண்டான். இவனுக்கு நம் ஞாபகமே இல்லையா என்று அக்கா அழுதாள்.

அதனால், பட்டியலில் உள்ள ஒவ்வொருவர் போனிலும் தெரியாத எண் தடுப்பு, தொந்தரவு அழைப்பு வடிகட்டி, தொந்தரவு செய்யாதே வசதி மூன்றையும் அணைத்துவிடுங்கள். ட்ரூகாலர் போன்ற ஆப் இருந்தால் அதன் தடுப்புப் பட்டியலையும் பாருங்கள். சில இடங்களில் முதலில் பதிவு செய்த குரல் பேசும், ஏற்றுக்கொள்ள ஒரு எண்ணை அழுத்தச் சொல்லும். விளம்பரம் என்று நினைத்து வைத்துவிட வேண்டாம், இதைப் பாட்டிக்கும் சொல்லிக் கொடுங்கள். முன்பணம் கட்டினால்தான் இணைப்பு வரும் என்ற ஏற்பாடும் சில இடங்களில் உண்டு, அதையும் விசாரியுங்கள்.

அப்புறம், குடும்பத்தோடு பேசுவது பதிவாகலாம். வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். "யார் கூட போன, எதுக்குப் போன" என்று மாமன்மார் குறுக்கு விசாரணை செய்தால் போனை வாங்கிவிடுங்கள். "சாப்பிட்டியா?" என்றால் "ம்" என்றுதான் பதில் வரும். வீட்டில் நடந்த ஒரு சின்ன சங்கதியைச் சொல்லி, அதில் அவன் கருத்தைக் கேளுங்கள். ரிமோட்டை யார் உடைத்திருப்பார்கள் என்ற கேள்விக்கு எங்கள் பையன் நிமிடக்கணக்கில் பேசினான்.

படி 4: கடிதம்

என்னைக் கேட்டால் போனைவிட இதுதான் மேல். திரும்பத் திரும்பப் படிக்கலாம். சாதாரண வெள்ளைத் தாள், நீலப் பேனா போதும். ஸ்டிக்கர், ஜிகினா, ஸ்டேப்ளர் பின் இருந்தால் வாசலிலேயே தங்கிவிடும். ஒவ்வொரு கடிதத்தின் மூலையிலும் வரிசை எண் போடுங்கள். 4 வந்து 3 வரவில்லை என்றால் அவனே சொல்லிவிடுவான். போட்டோ அனுப்பினால் நகல் மட்டும், பின்பக்கம் பெயரும் பதிவு எண்ணும். பெரிய கடிதம் எப்போதாவது எழுதுவதைவிட, வாரம் தவறாமல் நாலு வரி நல்லது.

படி 5: பார்க்க விடவில்லை என்றால்

முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 37-வது பிரிவு: விதிவிலக்கான சூழல் தவிர, அடைக்கப்பட்ட குழந்தைக்குக் கடிதம் மூலமும் நேரிலும் குடும்பத்தோடு தொடர்பு வைத்திருக்க உரிமை உண்டு. 1990-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற ஹவானா விதிகள், அதாவது அடைத்து வைக்கப்பட்ட சிறாரின் பாதுகாப்புக்கான விதிகள், இன்னும் விவரமாகப் பேசுகின்றன. சந்திப்பு பொதுவாக வாரம் ஒரு முறை, குறைந்தது மாதம் ஒரு முறை. கடிதமோ போனோ வாரம் 2 முறையாவது. முக்கியமாக 67-வது விதி: எந்தக் காரணத்துக்காகவும் குடும்பத் தொடர்பைக் குறைக்கவோ மறுக்கவோ கூடாது. "சேட்டை பண்ணினான், அதனால் இந்த வாரம் கிடையாது" என்ற பதிலுக்கு இதைத்தான் காட்ட வேண்டும். ஹவானா விதிகள் வழிகாட்டிதான், நேரடிச் சட்டம் இல்லை. அதனால் சத்தம் போடாமல், நோட்டில் உள்ள தேதிகளோடு மனு எழுதி இல்லப் பொறுப்பாளரிடம் கொடுத்து, நகலை வக்கீலிடம் கொடுங்கள்.

பின்சேர்க்கை: வீடியோ அழைப்பு பாதியில் துண்டிக்கப்படுவதாகச் சிலர் எழுதியிருந்தீர்கள். இணையத்தைச் சந்தேகிக்கும் முன் திரையில் உங்கள் பின்னால் யார் நடமாடுகிறார்கள் என்று பாருங்கள். பட்டியலில் இல்லாத முகம் தெரிந்தால் துண்டிக்கும் இடங்கள் உண்டு. சுவரைப் பார்க்க அல்ல, சுவருக்கு முதுகு காட்டி உட்காருங்கள், போனை ஸ்டாண்டில் வையுங்கள்.

இன்னொன்று, தம்பி தங்கையை அழைத்துப் போகலாமா என்ற கேள்வி. பெரியவர் ஒருவர் கூட இருந்தால் பல இடங்களில் விடுவார்கள், ஆனால் அவர்கள் பெயருக்கும் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருக்கும். வயதுச் சான்றின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.