வியட்நாம் மாணவர்களை ஆங்கிலத்தில் பேச வைக்கும் விளையாட்டுகள்: புதிய ஆசிரியர்களுக்குச் செய்முறை

வியட்நாமில் 2022-23 கல்வியாண்டிலிருந்து 3ஆம் வகுப்பிலேயே ஆங்கிலம் கட்டாயப் பாடம். அதற்கு முன் படித்தவர்களும் பல வருஷம் இலக்கணம் எழுதிப் பழகியவர்கள்தான். தாளில் வெளுத்துக்கட்டுவார்கள், வாய்தான் திறக்காது. நாற்பது பேர் நடுவில் தப்பாகப் பேசினால் மானம் போய்விடும் என்ற கூச்சம். அதனால் பேசாமல் ஆடவே முடியாத விளையாட்டாகப் பார்த்து எடுங்கள். முதலில் இரண்டு பேர், பிறகு குழு, கடைசியில்தான் தெரு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

படி 1: ஓ ஆன் குவான்

இது நம் பல்லாங்குழிக்கு உறவுக்கார விளையாட்டு. தரையில் சாக்பீஸால் ஒரு நீள்சதுரம் போட்டு, இரண்டு வரிசையாகப் பத்துக் கட்டம் பிரியுங்கள். இரு முனையிலும் அரைவட்டம். கட்டத்துக்கு 5 சிறு கற்கள், அரைவட்டத்துக்கு ஒரு பெரிய கல். ஆட்ட விதியை மாணவர்களே உங்களுக்குச் சொல்லித் தரட்டும். உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாம் சேர்ப்பது ஒரே விதி: தன் கல்லைத் தான் தொடக்கூடாது, எதிராளிதான் நகர்த்த வேண்டும். "டேக் த ஸ்டோன்ஸ் ஃப்ரம் மை செகண்ட் ஸ்குவேர், கோ லெஃப்ட்" என்று வாயால் சொன்னால்தான் கல் நகரும். சொன்னது புரியவில்லையென்றால் திரும்பச் சொல்ல வேண்டும். யாரும் வேடிக்கை பார்க்காததால் கூச்சம் தானாக விலகும்.

படி 2: லோ தோ

வியட்நாமின் டெட் புத்தாண்டுக்கு வீடுகளில் ஆடுவது இது, நம் தம்போலா மாதிரி. 1 முதல் 90 வரை எண்கள், சீட்டில் ஒரு வரிசையில் உள்ள ஐந்து எண்ணும் வந்துவிட்டால் "கிங்!" என்று கத்தி ஜெயிக்கலாம். தெற்கு வியட்நாமில் எண்ணை வெறுமனே அறிவிக்க மாட்டார்கள். பாட்டாகப் பாடி, கடைசி வார்த்தையில் எண்ணைப் போட்டு உடைப்பார்கள். அதை அப்படியே ஆங்கிலத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஐந்து எண் கொடுத்து, கடைசி ஒலி ஒத்துப்போகும் இயைபோடு வரி எழுதச் சொல்லுங்கள். "டோன்ட் பி லேட், நம்பர் எயிட்!" போதும், கவிதை வேண்டாம்.

இந்த விளையாட்டில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. வியட்நாம் மொழிக்காரர்களுக்கு ஆங்கிலச் சொல்லின் கடைசி மெய்யெழுத்து எளிதில் வராது. லைக், லைட், லைஃப் மூன்றுமே "லை" என்று விழும். இயைபு சேர வேண்டுமென்றால் அந்தக் கடைசி ஒலியைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 15, 50 இரண்டையும் கட்டாயம் சேருங்கள். தப்பாகக் கேட்டவர் சீட்டில் தப்பான எண்ணை அடிப்பார், அறையே சிரிக்கும். நீங்கள் திருத்த வேண்டிய வேலையே இருக்காது. பரிசுக்கு மிட்டாய் வையுங்கள், காசு வைத்து ஆட விடாதீர்கள்.

படி 3: ஏரிக்கரை

ஹனோயில் ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றியுள்ள தெருக்களை 2016 முதல் வார இறுதியில் வாகனங்களுக்கு மூடிவிடுகிறார்கள். வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு இரவு வரை நடப்பவர்களுக்குத்தான். வெளிநாட்டுப் பயணிகளோடு பேசிப் பழக மாணவர்கள் அங்கே வருவது வழக்கம். ஹோ சி மின் நகரில் என்றால் நுயென் ஹுவே நடைபாதைத் தெரு.

மூன்று பேராக அனுப்புங்கள். ஒருவர் பேச, ஒருவர் துணைக்கு, ஒருவர் குறிப்பெடுக்க. ஆளுக்கு ஒருமுறை மாறலாம். முதல் வாக்கியம் அனுமதி கேட்பதாக இருக்கட்டும். மறுத்தால் நன்றி சொல்லி நகர வேண்டும். வயது கேட்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அண்ணன் தம்பி முறை வைத்துக் கூப்பிடும் ஊர் அது, அதனால் எடுத்த எடுப்பில் வயதைத்தான் கேட்பார்கள்.

கேள்வி மட்டும் கேட்டால் போலீஸ் விசாரணை போல ஆகிவிடும். கொடுப்பதற்கும் ஒன்று வேண்டும். லெ லோய் அரசர் சீனாவின் மிங் படையை வென்ற வாளை ஏரியின் ஆமையிடம் திருப்பிக் கொடுத்த கதையை ஒரு நிமிடத்தில் சொல்லப் பழக்குங்கள். எதிரே ஆமைக் கோபுரம் தெரியும்போது கையை நீட்டிச் சொன்னால் பயணிகள் நின்று கேட்பார்கள்.

முடிந்ததும் பக்கத்தில் ஒரு ஐஸ் டீ கடையில் உட்கார்ந்து, குறிப்பெடுத்தவர்களிடம் சொல் கிடைக்காமல் திணறிய இடங்களை மட்டும் கேளுங்கள். அடுத்த வகுப்பின் பாடத்தை அதிலிருந்து எடுங்கள். கோடையில் மாலை 5 மணிக்கு மேல் கிளம்புங்கள், வெயில் தாங்காது.