மைக்ரோவேவில் பொறி பறந்தால் மைக்கா தகட்டைப் பாருங்கள்

பால் சுடவைத்த 10 நொடியில் வலப்பக்கச் சுவரில் படபடவென்று பொறி. உள்ளே கம்பித்தட்டு இல்லை. வெறும் கன்வெக்‌ஷனில் 180 டிகிரி வைத்தால் பொறியே இல்லை. அதில் மைக்ரோவேவ் அலைகளை உண்டாக்கும் மேக்னட்ரான் ஓடாது, ஹீட்டர் காயிலும் ஃபேனும்தான். ஆக, சந்தேகம் மைக்கா தகட்டின் மேல். அந்தச் சுவரில் அலைகள் உள்ளே வரும் துளையை மூடியிருக்கும் மெல்லிய தகடு அது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றினேன். ஓரத்தில் மிளகாய் விதை அளவு கருகல். தெறித்த எண்ணெய் கரியானால் மின்சாரம் கடத்தும், துடைத்தால் போகாது. புது மைக்கா ஷீட்டில் பழையதை வைத்து வரைந்து, கத்தரிக்கோலால் வெட்டி, சுவர்ப் பிசுக்கை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு மாட்டினேன். ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து 1 நிமிடம் ஓட்டினேன், சத்தமில்லை.

வெளி மூடியை மட்டும் கழற்றாதீர்கள். பிளக் எடுத்த பிறகும், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கலாம்.