மெக்சிகோ கடற்கரை ஊரில் ஆங்கில ஆசிரியர்: முதல் மாதம்

சுற்றுலாப் பயணியாக நுழைந்து சம்பளத்துக்குப் பாடம் எடுக்கக் கூடாது. பணி அனுமதிக்குப் பள்ளிதான் குடிவரவு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்; அங்கே அது பதிவு பெற்றிருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். அனுமதி கிடைத்தபின் தூதரகத்தில் விசா. விமான நிலையத்தில் நுழைவுப் பதிவில் ‘கான்ஹே, 30 நாள்’ (கான்ஹே என்றால் மாற்றிக்கொள்ளுதல்) என்று இருக்கிறதா என அங்கிருந்து நகரும் முன் பாருங்கள். சுற்றுலாவாகப் பதிந்துவிட்டால் திருத்துவது பெரும்பாடு. அந்த 30 நாளுக்குள் விசாவைக் குடியிருப்பு அட்டையாக மாற்ற விண்ணப்பித்துவிட வேண்டும்.

குடிக்க 20 லிட்டர் ‘கர்ரஃபோன்’ கேன். காலிக் கேனைக் கொடுத்தால் தண்ணீருக்கு மட்டும் காசு. மின்சாரம் 127 வோல்ட்: 230 வோல்ட் மிக்சி மந்தமாகச் சுற்றும், கொண்டுபோகாதீர்கள். 100–240 என்று அச்சிட்ட லேப்டாப் சார்ஜருக்குத் தொல்லையில்லை. உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். சான்றிதழ்களைக் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.