கிட்டார் சாதகம்: நீங்களாவது செய்யாமல் இருக்க வேண்டிய தவறுகள்

கிட்டார் வாங்கி மூன்றாம் மாதம், விரல் நுனியெல்லாம் கொப்புளம், இடது மணிக்கட்டில் சுருக் சுருக்கென்று வலி, நானோ அதைத் தவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தைப்பூசத்துக்கு எங்கள் பினாங்குத் தண்ணீர்மலைக்குக் காவடி எடுப்பவன் தாங்குகிறானே, நான் தாங்கக் கூடாதா என்று ஒரு நியாயம் வேறு. ஆனால் காவடியை மலையில் கொண்டுபோய் இறக்கி வைத்துவிட்டால் அன்றோடு முடிந்தது. மணிக்கட்டை எங்கே இறக்கி வைப்பது?

பக்திக்காக, மன அமைதிக்காக, தியானம் மாதிரி இருக்கட்டுமே என்று கிட்டாரைக் கையில் எடுக்கிறவர்கள் முதலில் விழும் குழி இதுதான். விரல் நுனி எரிவது எல்லோருக்கும் உண்டு, சில வாரங்களில் தோல் தடித்ததும் போய்விடும். மணிக்கட்டிலும் கட்டைவிரல் அடியிலும் வருகிற வலி வேறு, அது வந்தால் அன்றைக்கு வாத்தியத்தைக் கீழே வைத்துவிடுங்கள். பாதி நேரம் தப்பு உங்கள் மேலே இருக்காது, கிட்டார் மேலே இருக்கும். கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். இரும்புக் கம்பி கிட்டாரில் 3 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் அதை அழுத்த பயில்வான் கை வேண்டும். கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் பிரிட்ஜில் இருக்கும் வெள்ளைப் பட்டையைக் கொஞ்சம் தேய்த்துத் தருவார், அவ்வளவுதான். எனக்கு இது தெரிய ஆறு மாதம் ஆனது.

மீதிப் பாதி வலி, தேவைக்கு மேல் அழுத்துவதால் வருவது. இதற்கு ஒரு பழக்கம் சொல்கிறேன். ஒரு கம்பியில் ஃப்ரெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் விரலை வைத்து நன்றாக அழுத்தித் தட்டுங்கள். பிறகு ஒவ்வொரு தட்டுக்கும் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு இடத்தில் கம்பி கரகரக்கும். அங்கிருந்து ஒரு துளி மட்டும் கூட்டுங்கள், ஒலி தெளிந்துவிடும். அட, இவ்வளவுதானா என்று இருக்கும். இத்தனை நாள் எதற்காக அந்தக் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாகக்கூட இருக்கும். தோளிலும் தாடையிலும் இதே கதைதான், வாசிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்கிற ஆள் நான்.

அடுத்தது சுருதி சேர்ப்பதை அவசர வேலையாக நினைப்பது. கைபேசியைத் திறந்து, பச்சை விளக்கு எரிந்ததும் மூடிவிட்டு, நேராகப் பாட்டுக்குப் போய்விடுகிறோம். விளக்கேற்றாமல் பூசைக்கு உட்காருகிற மாதிரி. ஆறாவது கம்பியின் (இருப்பதிலேயே தடித்தது) ஐந்தாவது ஃப்ரெட்டும் விரல் வைக்காமல் திறந்துவிட்ட ஐந்தாவது கம்பியும் ஒரே ஸ்வரம், விநாடிக்கு 110 அதிர்வு. இரண்டையும் சேர்த்துத் தட்டுங்கள். ஒன்று 110, மற்றது 112 என்று இருந்தால் ஒலி விநாடிக்கு இரண்டு தரம் பொங்கித் தணியும், காதால் எண்ணலாம். ஆணியைத் திருகத் திருக அந்த அலை மெதுவாகி, நீண்டு, ஒரு நொடியில் காணாமல் போகும். அந்த நொடிக்காகக் காத்திருப்பதே எனக்குப் பல நாள் பூசை, அப்புறம் ஒன்றும் வாசிக்காமல் வைத்துவிட்டும் போயிருக்கிறேன். என்னைக் கேட்டால் சாதகம் என்பது கேட்பதுதான். விரல் வாசிப்பது அதற்கு ஒரு சாக்கு.

இதைப் புரிந்துகொள்ளாமல் இருபது கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே பிடியில் அடிப்பது) மனப்பாடம் செய்வது இன்னொரு தவறு. கார்டு வேண்டாம் என்று சொல்லவில்லை, முதல் நாளே வேண்டாம் என்கிறேன். ஆறாவது கம்பியை ஈயிலிருந்து டிக்கு ஒரு முழு ஸ்வரம் தளர்த்துங்கள். இப்போது ஆறு, ஐந்து, நான்கு மூன்றும் டி, ஏ, டி. நம் கணக்கில் ச, ப, மேல் ச, இரண்டு கட்டை சுருதி. கட்டைவிரலால் அந்த மூன்றை மட்டும் தம்பூரா போல மெதுவாக மீட்டிக்கொண்டு, வாய்க்குள் ‘ச’ பிடியுங்கள். பத்து நிமிடம். எதுவும் நடக்காது. மூன்றாவது நிமிடமே தண்ணீர் பில் கட்டினோமா என்ற யோசனை வரும், வந்தால் வரட்டும், கம்பி அடங்கும் சத்தத்துக்குத் திரும்பி வாருங்கள்.

எதுவும் நடக்காது என்று சொன்னேன் பாருங்கள், அதைத்தான் ஆட்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். கண்ணீர் வரவில்லை, உடம்பு சிலிர்க்கவில்லை, ஆகவே இது எனக்கு ஒத்துவராது என்று நாற்பது நாளில் கிட்டாரை அலமாரி மேலே ஏற்றிவிடுகிறார்கள். இங்கே பெரிய பெயர்கள் வேறு குழப்பும். ஆன்மிக குரு ஸ்ரீ சின்மோயின் சீடராகி மகாவிஷ்ணு என்ற பெயர் பெற்ற ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், பிறகு எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு சக்தி குழுவில் வாசித்ததைக் கேட்டுவிட்டு, பக்தி வந்தால் விரல் அப்படிப் பறக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். குருவிடம் போகும் முன்பே அவர் லண்டனில் வருடக்கணக்காகத் தொழில்முறைக் கலைஞராக வாசித்தவர். அந்த வேகம் அந்த உழைப்பில் வந்தது. ஆங்கிலேய ராக் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப் 1985இல் கிட்டார் கிராஃப்ட் என்று தொடங்கிய வகுப்புகள் எனக்கு இன்னும் நெருக்கமாகத் தெரிகின்றன. கம்பிகளைச் சுருதி சேர்க்கும் முறையையே மாற்றி, தேர்ந்த கையையும் கற்றுக்குட்டி நிலைக்குக் கொண்டுவந்தார். பழைய பழக்கத்தில் விரல் ஓட முடியாது, கவனித்தே ஆக வேண்டும்.

சரி, பஜனைக்கு வருவோம். கொஞ்சம் கை வந்ததும் எல்லோரும் செய்வது இது, நானும் செய்தேன். ஒரு வெள்ளிக்கிழமை பஜனைக்குக் கிட்டாரோடு போய் உட்கார்ந்தேன். பாடுகிற அக்காவுக்கு ஐந்தரைக் கட்டை. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டு ஜி கார்டு பிடித்தால் ஐந்தரை வந்துவிடும், அது வரைக்கும் கணக்குச் சரி. பாட்டு கல்யாணி ராகம். ஜிக்கு அடுத்து சி அடிப்பதுதானே வழக்கம் என்று ஓங்கி ஒரு சி அடித்தேன். ஜியை ச என்று வைத்தால் சி கார்டில் இருப்பது சுத்த மத்தியமம், கல்யாணிக்கு வேண்டியதோ பிரதி மத்தியமம். அக்கா கண்ணைத் திறந்து பார்த்தார். இரண்டாவது தரமும் அடித்தேன். பாட்டு முடிந்ததும், “தம்பி, கோவிச்சுக்காதீங்க, அடுத்த பாட்டுக்கு அதைச் சும்மா மடியில வச்சிருக்கீங்களா?” என்றார். பிரசாதம் வாங்கும்போது இரண்டு லட்டு கொடுத்தார், அது தனி.

கோபம் வந்தது என்னவோ உண்மை. ஆனால் அவர் சொன்னதுதான் சரி. ராகம் தெரியாத பாட்டுக்கு ச-வும் ப-வும் மட்டும் மெல்ல மீட்டினால் போதும், யாருக்கும் இடிக்காது. கூட்டத்தில் உங்கள் கிட்டார் உங்கள் காதுக்கே கேட்கிற அளவுக்கு மேல் போனால், நீங்கள் கச்சேரி செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

‘கிட்டாரெல்லாம் சாமிக்கு ஆகாது’ என்று ஒரு மாமா கட்டாயம் சொல்வார். அவரோடு வாதாடுவதும் நேர விரயம், ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், அது நடந்து ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுதான் ஆகிறது, இன்று வயலின் இல்லாத கச்சேரியே அபூர்வம். மாமா ரசிக்கும் ஹார்மோனியமும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான், 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தடைகூடச் செய்தது.

இதற்கு நேரெதிர் தவறும் இருக்கிறது. கிட்டாரில் எல்லா கமகமும், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைக்கிற நெளிவெல்லாம், வர வேண்டும் என்று அடம் பிடிப்பது. ஃப்ரெட் போட்ட வாத்தியத்தில் கம்பியை இழுத்துக் கொஞ்சம் கொண்டுவரலாம், பிரசன்னா மாதிரி ஒருவர் கச்சேரியே செய்கிறார், நமக்கு அது இந்த ஜென்மத்தில் வருமா தெரியாது. தேவார வகுப்புக்குப் போனவர்களுக்குத் தருமபுரத்தில் நடந்த கதை நினைவிருக்கும். சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்கவில்லை என்று திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழையே உடைக்கப் போக, சம்பந்தர் தடுத்து, கருவியில் வருகிற அளவுக்கு வாசியும் என்றார். எட்டு வயதில் அந்தக் கதையைக் கேட்டபோது பாணர் மேல் பரிதாபமாக இருந்தது, இப்போது அவர் கையில் அந்த யாழைத் திரும்பக் கொடுத்ததுதான் பெரிதாகத் தெரிகிறது.

வாசிப்பதை எல்லாம் பதிவு செய்து போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிடத் தினம் இருபது நிமிடம் மேல். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் பக்கம் ஷிப்ட் வேலை பார்க்கிறவர்கள் பிரம்ம முகூர்த்தம் பார்க்க வேண்டாம், வீட்டுக்கு வந்து குளித்து, பசியாறிவிட்டு உட்காருகிற நேரம்தான் உங்கள் முகூர்த்தம். அடுக்குமாடிச் சுவர்கள் மெல்லிசு, இரவென்றால் விரல் நுனிச் சதையால் வாசியுங்கள், பிக் வேண்டாம்.

கடைசியாகப் பினாங்கு வெக்கை. கிட்டார் மரத்துக்குப் பிடித்த ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம், நம் ஊர்க் காற்றில் அதைவிட எவ்வளவோ கூட. மரம் ஊதி, மேல் பலகை புடைத்து, கம்பி தானாக உயர்ந்துவிடும், அப்புறம் மறுபடி மணிக்கட்டு. உறைக்குள் சிலிக்கா பொட்டலம் போட்டு மூடி வையுங்கள், வெயிலில் நிற்கும் காரில் விடவே விடாதீர்கள், பசை இளகிவிடும். பூசை அறையில் விளக்குப் பக்கத்தில் நிறுத்தி வைப்பதும் வேண்டாம். சரஸ்வதி பூசைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதானால் உறையில் வையுங்கள், நான் மேல் பலகையில் குழைத்து வைத்த பொட்டு இன்னும் வெளுத்த வட்டமாக இருக்கிறது. வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியாக வியர்வையைத் துடையுங்கள், இல்லையென்றால் நம் ஊர்க் காற்றுக்குச் சீக்கிரமே துருவேறிவிடும். அப்பாவின் பழைய வேட்டித் துண்டு ஒன்றை இதற்காகவே உறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.