குழந்தையின் இதய ஓட்டைக்கு எந்த ஆபரேஷன்? ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

குழந்தைகள் இதய வார்டில் செவிலியராக இருக்கிறேன். பெற்றோர் எங்களிடம் முதலில் கேட்பது தழும்பைப் பற்றித்தான். நியாயமான கவலைதான், ஆனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எக்கோ, அதாவது இதய ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுங்கள்.

ஓட்டை எந்த வகை என்று அதில் இருக்கும். செகண்டம் ஏஎஸ்டி, அதாவது இதயத்தின் இரு மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரின் மையத்தில் இருக்கும் ஓட்டை என்றால், சுற்றிலும் போதுமான விளிம்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, டிவைஸ் என்ற சிறு அடைப்பானை வைத்தே மூடிவிடலாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு. அதே சுவரின் கீழ்ப்பகுதியில் வரும் பிரைமம் வகைக்கு இது சரிப்படாது, ஓட்டை வால்வை ஒட்டினாற்போல் இருக்கும். நான்கு குறைகள் சேர்ந்து வரும் ஃபாலோட் டெட்ராலஜி மாதிரியான பிறவிக் கோளாறுகளுக்கு நெஞ்சின் நடுவில் திறப்பதுதான் வழக்கம்.

அப்புறம் சிறு கீறல் முறை. வலது அக்குளுக்குக் கீழே, விலா எலும்புகளுக்கு இடையே போவார்கள். நெஞ்செலும்பை அறுப்பதில்லை. ஆனால் உள்ளே நடப்பது அதே ஓபன் ஹார்ட்தான். இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடுதான் ஓட்டையை அடைப்பார்கள். 1953-ல் அமெரிக்க சர்ஜன் ஜான் கிப்பன் ஏஎஸ்டியை மூடியதும் அந்த இயந்திரத்தின் துணையோடுதான். கீறல் சின்னது என்பதால் ஆபரேஷனும் சின்னது என்று நினைத்துவிடாதீர்கள். இடம் குறுகல், இயந்திரத்தில் இருக்கும் நேரம் கூடலாம். அதனால் சர்ஜனிடம் நேராகவே கேளுங்கள்: இந்த முறையில் எத்தனை குழந்தைகளுக்குச் செய்திருக்கிறீர்கள்? நடுவில் சிக்கல் வந்தால் நெஞ்சைத் திறப்பீர்களா? பெண் குழந்தை என்றால் கீறலின் இடத்தையும் கேளுங்கள். மார்பின் முன்பக்கம் வெட்டினால் பிற்பாடு மார்பக வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

வீட்டுக்குப் போன பிறகும் வித்தியாசம் உண்டு. நெஞ்செலும்பு ஒட்ட ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதுவரை அக்குளில் கை கொடுத்துக் குழந்தையைத் தூக்கவே கூடாது. ஒரு கை பிட்டத்துக்கு அடியில், இன்னொரு கை முதுகில், அப்படித்தான் தூக்க வேண்டும். பார்க்க வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள், ஆசையில் சட்டென்று தூக்கிவிடுவார்கள். இருமும்போது சிறு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், வலி குறையும்.

டிவைஸ் வைத்த குழந்தைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வழக்கமாக ஆறு மாதம் ஆஸ்பிரின் தருவார்கள், எக்கோ தொடர்ந்து எடுக்க வேண்டும். அந்த ஆறு மாதத்துக்குள் பல் பிடுங்க நேர்ந்தால், டிவைஸ் இருப்பதைப் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகுதான் அவர் கை வைப்பார்.